அமெரிக்க விளையாட்டுகளைப் பற்றி பிரிட்டிஷ் ரசிகர்கள் என்ன நினைக்கிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படிக்கவும் வேலைக்கும் இங்கிலாந்து வந்த நம்மவர்கள், அலுவலகத்திலோ பப்பிலோ விளையாட்டுப் பேச்சு வந்த பிறகு என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வரும் சொந்தக்காரர்களும் அதையேதான் கேட்கிறார்கள், கொஞ்சம் கோபத்தோடு. அவற்றைத் தொகுத்து ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கால்பந்து என்று எழுதும் இடமெல்லாம் உதைபந்தைத்தான் சொல்கிறேன். ஹெல்மெட் போட்டு ஆடுவதை அமெரிக்கன் ஃபுட்பால் என்றே எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரிட்டிஷ் ரசிகர்கள் சொல்லும் குறைகளில் பாதி, பழக்கமில்லாததால் வருவது. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மீதிப் பாதி ஆட்டத்தைப் பற்றியதே இல்லை, லீக்கை நடத்தும் முறையைப் பற்றியது. அதில் அவர்கள் பக்கம் வலுவான நியாயம் இருக்கிறது.

இங்க யாருக்குமே அமெரிக்க விளையாட்டு பிடிக்காதா? பேச்சை எடுத்தாலே சிரிக்கிறாங்களே?

பிடித்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். 1982 நவம்பரில் சேனல் 4 தொடங்கியபோதே அமெரிக்கன் ஃபுட்பாலைக் காட்ட ஆரம்பித்தது. அதைப் பார்த்து வளர்ந்த ஒரு தலைமுறையே இங்கே உண்டு. 1986-இல் சிகாகோ பேர்ஸும் டாலஸ் கவ்பாய்ஸும் வெம்ப்ளியில் ஒரு காட்சி ஆட்டம் ஆடின. 1991-இல் லண்டன் மோனார்க்ஸ் என்ற அமெரிக்கன் ஃபுட்பால் அணி அதே வெம்ப்ளியில் பார்சிலோனாவை 21-0 என்று தோற்கடித்து, முதல் வேர்ல்ட் பௌல் கோப்பையை வென்றது. அந்தக் கோப்பைக்காக ஆடிய லீக் நிலைக்கவில்லை. ஆனால் ரசிகர்கள் கலைந்துபோகவில்லை.

2007 அக்டோபரில் நியூயார்க் ஜயன்ட்ஸ், மயாமி டால்பின்ஸ் அணிகள் லண்டனில் முதல் அதிகாரபூர்வ என்.எஃப்.எல். (அமெரிக்கன் ஃபுட்பாலின் முதன்மை லீக்) ஆட்டத்தை ஆடின. மழையில் சேறாகிப்போன வெம்ப்ளியில் ஜயன்ட்ஸ் 13-10 என்று வென்றது. அதன்பின் கொரோனா ஆண்டு தவிர எல்லா ஆண்டும் இங்கே ஆட்டம் நடக்கிறது. 2019-இல் திறந்த டாட்டன்ஹாம் அரங்கத்தில் புல் தரை மூன்று துண்டாகப் பிரிந்து ஸ்டாண்டுக்கு அடியில் போய்விடும். அதற்குக் கீழே என்.எஃப்.எல்.லுக்கென்றே தனித் தரை போட்டிருக்கிறார்கள். ஆள் வராத ஆட்டத்துக்கு யாரும் இவ்வளவு செலவு செய்ய மாட்டார்கள். உங்கள் அலுவலகத்தில் சிரிப்பவர்கள் பெரும்பாலும் கால்பந்தைத் தவிர வேறெதுவும் பார்க்காதவர்களாக இருப்பார்கள்.

ஒரு மணி நேர ஆட்டத்தை மூணு மணி நேரம் இழுக்கிறாங்கன்னு சொல்றது உண்மைதானே?

உண்மைதான். என்.எஃப்.எல். ஆட்டக் கடிகாரம் 60 நிமிடம், ஒளிபரப்போ மூன்று மணி நேரத்தைத் தாண்டும். பந்து உண்மையில் நகரும் நேரம் சுமார் 11 நிமிடம்தான் என்று வால் ஸ்ட்ரீட் ஜர்னல் 2010-இல் கணக்குப் போட்டது. பிரிட்டிஷ் ரசிகர்கள் இன்றுவரை அந்த எண்ணைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள்.

ஆனால் இதைச் சொல்பவர் டெஸ்ட் கிரிக்கெட் ரசிகராக இருந்தால் அந்த வாதம் நிற்காது. ஐந்து நாள், நடுவில் சாப்பாடு, தேநீர், கடைசியில் டிரா. ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் ஃபீல்டிங் மாற்றுவதும் பேட்ஸ்மேன் அளந்து பார்ப்பதும் ஆட்டத்தின் பகுதிதான் என்று அவருக்குத் தெரியும். அமெரிக்கன் ஃபுட்பாலிலும் அப்படித்தான், ஒரு ஸ்னாப்புக்கும் (பந்தை ஆட்டத்துக்குள் விடுவது) அடுத்ததற்கும் இடையில்தான் சதுரங்கம் நடக்கிறது. அது புரிந்தவருக்கு இடைவெளி சலிப்பதில்லை.

விளம்பரம் வேறு விஷயம். டச்டவுன் (பந்தை எதிரணி எல்லைக்குள் சேர்த்துப் புள்ளி எடுப்பது), உடனே விளம்பரம், ஒரு கிக், மறுபடி விளம்பரம் என்று போவதைச் சகிக்க முடியவில்லை என்பது நியாயமான புகார். கால்பந்தில் 45 நிமிடம் இடையில் விளம்பரமே இல்லாமல் பார்த்துப் பழகியவர்கள் இவர்கள். நீளம் குறைக்க முடியாத ஒன்றும் இல்லை. பேஸ்பாலில் 2023-இல் பந்து வீசுவதற்குக் கடிகாரம் வைத்தார்கள். அந்த ஒரே பருவத்தில் சராசரி ஆட்டம் 3 மணி 4 நிமிடத்திலிருந்து 2 மணி 40 நிமிடத்துக்கு இறங்கியது.

ரக்பிக்காரங்க வெறும் சட்டையோட மோதுறாங்க. இவங்களுக்கு எதுக்கு ஹெல்மெட், பேட் எல்லாம்?

பப்பில் முதலில் வரும் கிண்டல் இதுதான். இதில் எனக்குத் துளியும் உடன்பாடில்லை. ரக்பியில் பந்து வைத்திருப்பவரைத்தான் பிடிக்கலாம். அமெரிக்கன் ஃபுட்பாலில் பந்து கையில் இல்லாதவரையும் மறித்துத் தள்ளலாம். பந்தை முன்னோக்கி எறியலாம் என்பதால், அண்ணாந்து பார்த்துக்கொண்டு ஓடுபவர்மேல் எதிரே முழு வேகத்தில் வருபவர் மோதுவார். பாதுகாப்புக் கவசம் இல்லாமல் அதை ஆட முடியாது. இன்னும் சொல்லப்போனால், கவசம் இருக்கும் துணிச்சலில்தான் அவர்கள் தலையைக் கொடுத்து மோதுகிறார்கள்.

தலையில் படும் அடி இரண்டு பக்கமும் மனிதர்களை அழித்திருக்கிறது. முன்னாள் வீரர்கள் தொடுத்த வழக்கில் என்.எஃப்.எல். 2013-இல் 76.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. பிறகு அந்த உச்சவரம்பையும் எடுத்துவிட்டார்கள். 2003 ரக்பி உலகக் கோப்பையை வென்ற இங்கிலாந்து அணியின் ஸ்டீவ் தாம்ப்சன், அந்த வெற்றியே தன் நினைவில் இல்லை என்று 2020-இல் வெளிப்படையாகச் சொன்னார். யார் முரடர் என்று போட்டி போடும் பேச்சை இத்தோடு விட்டுவிட வேண்டும்.

திறமை விஷயத்தில் ஒன்று. ரக்பி விங்கர் கிறிஸ்டியன் வேட், பஃபலோ பில்ஸ் அணிக்காக 2019 பயிற்சி ஆட்டத்தில் முதல்முறை பந்தைத் தொட்டபோதே 65 யார்டு ஓடி டச்டவுன் போட்டார். இங்கே எல்லோரும் துள்ளினார்கள். ஆனாலும் பருவ ஆட்டம் ஒன்றில்கூட அவர் களமிறங்கவில்லை. வேல்ஸின் லூயிஸ் ரீஸ்-ஸாமிட்டும் 2024-இல் போய்ப் பார்த்துவிட்டு அடுத்த ஆண்டு ரக்பிக்கே திரும்பினார். வேகம் மட்டும் போதாது, சிறு வயதிலிருந்து படித்துக்கொள்ள வேண்டிய ஆட்டம் அது.

பேஸ்பால்னா பொண்ணுங்க ஸ்கூல்ல ஆடுற ரவுண்டர்ஸ்தானேன்னு கேக்குறாங்க. என்ன பதில் சொல்றது?

டெர்பி கவுன்டி என்ற கால்பந்து அணி 1997 வரை ஆடிய மைதானத்தின் பெயர் என்ன என்று கேளுங்கள். பேஸ்பால் கிரவுண்ட்! 1890-இல் இங்கே பேஸ்பால் லீக்கே நடந்தது, அதில் ஆஸ்டன் வில்லா வென்றது. அப்புறம் கிரிக்கெட்டின் முன்னால் அது எடுபடவில்லை, அவ்வளவுதான்.

தங்களுக்குள்ளயே ஆடிட்டு 'உலக சாம்பியன்'னு சொல்லிக்கிறாங்களே, அது என்ன நியாயம்?

இந்த எரிச்சல் பிரிட்டிஷாருக்கு மட்டும் இல்லை. 2023 புடாபெஸ்ட் உலகத் தடகளத்தில் மூன்று தங்கம் வென்ற அமெரிக்கர் நோவா லைல்ஸே, கூடைப்பந்து லீக்கில் வென்றவர்கள் எப்படி உலக சாம்பியன் ஆவார்கள் என்று கேட்டார். கூடைப்பந்து வீரர்கள் அவர்மேல் பாய்ந்தார்கள்.

என்னைக் கேட்டால், உலகின் மிகச் சிறந்த கூடைப்பந்து வீரர்கள் பெரும்பாலும் அந்த ஒரு லீக்கில்தான் இருக்கிறார்கள், ஆகவே தரத்தில் தவறில்லை. பட்டம்தான் உறுத்துகிறது.

தரமிறக்கம் இல்லாததை ஏன் இவ்வளவு பெரிய குறையா சொல்றாங்க?

இதுதான் மையப் புள்ளி. இங்கிலாந்துக் கால்பந்தில் பிரீமியர் லீகின் கடைசி மூன்று அணிகள் கீழ் லீக்குக்குப் போக வேண்டும், கீழே வென்றவர்கள் மேலே வருவார்கள். அமெரிக்காவில் லீக் ஒரு மூடிய வட்டம். எவ்வளவு மோசமாக ஆடினாலும் அடுத்த ஆண்டும் அதே இடம். போதாததற்குக் கடைசியாக வந்த அணிக்கு டிராஃப்டில், அதாவது புதிய வீரர்களைத் தேர்ந்தெடுப்பதில், முன்னுரிமை வேறு. ஃபிலடெல்ஃபியா கூடைப்பந்து அணி இதற்காகவே சில ஆண்டுகள் பலவீனமான அணியை வைத்து ஆடியது. 2015-16 பருவத்தில் 82 ஆட்டத்தில் 10 மட்டுமே வென்றது. தோற்பதே திட்டமாக இருப்பதை ஒரு பிரிட்டிஷ் ரசிகரால் ஜீரணிக்கவே முடியாது.

2023 மே 28-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பருவத்தின் கடைசி நாள். 1954-லிருந்து ஒருமுறைகூட முதல் லீக்கை விட்டு இறங்காத எவர்ட்டன் அன்று வென்றால்தான் நிச்சயமாகத் தப்பும். சொந்த மைதானமான குடிசன் பார்க்கில் இடைவேளை வரை கோல் இல்லை. வேறு மைதானத்தில், அதே ஆபத்தில் இருந்த லெஸ்டர் முன்னிலையில் இருக்கிறது என்று செய்தி வந்ததும் அரங்கம் அடங்கிப்போனது. 57-ஆம் நிமிடத்தில் எவர்ட்டனின் டூகூரே பெனால்ட்டிப் பெட்டிக்கு வெளியிலிருந்து ஓர் உதை விட்டார், வலைக்குள். எவர்ட்டன் பிழைத்தது. லெஸ்டர் வென்றும் கீழே இறங்கியது, அதுவும் லீக் சாம்பியனாகி ஏழே ஆண்டில். அட்டவணையில் தப்பிக்கும் கடைசி இடமான 17-ஆவது இடத்துக்கு இவ்வளவு உயிர் இருப்பது இந்த முறையால்தான். என்.எஃப்.எல்.லில் கடைசி இடத்தில் இருப்பவர்களுக்குக் கடைசி வாரம் வெறும் சடங்கு.

இதை அமெரிக்கர்களும் இப்போது ரசிக்கிறார்கள். ஹாலிவுட் நடிகர்கள் ரயன் ரெனால்ட்ஸும் ராப் மெக்கெல்ஹென்னியும் 2021-இல் வாங்கிய வேல்ஸின் ரெக்ஸம் அணி 2023, 2024, 2025 என்று மூன்று ஆண்டு தொடர்ந்து மேலேறியது. மூடிய லீக்கில் அப்படி ஒரு கதைக்கு இடமே இல்லை.

ஒரு டீமை ஒரு ஊர்ல இருந்து இன்னொரு ஊருக்கு மாத்துறதுல என்ன தப்பு? ஆட்டம் அதேதானே?

ரசிகர் அதேதான் இல்லையே. 1984 மார்ச்சில் ஓர் இரவு, பால்டிமோர் கோல்ட்ஸ் அணியின் சாமான்களை எல்லாம் மேஃப்ளவர் நிறுவன லாரிகளில் ஏற்றி இண்டியானாபொலிஸுக்குக் கொண்டுபோனார்கள். ஊர் விடிந்து பார்த்தபோது அணி இல்லை. அந்தப் பால்டிமோரே 1996-இல் கிளீவ்லாந்தின் அணியை இழுத்துக்கொண்டது. 2008-இல் சியாட்டில் தன் கூடைப்பந்து அணியை ஓக்லஹோமா சிட்டியிடம் இழந்தது.

இங்கிலாந்தில் பெரிய அளவில் இது ஒருமுறைதான் நடந்தது, அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. 1988-இல் லிவர்பூலைத் தோற்கடித்து எஃப்.ஏ. கோப்பை வென்ற விம்பிள்டன் அணியை சுமார் 90 கிலோமீட்டர் தள்ளி மில்டன் கீன்ஸுக்கு மாற்ற 2002-இல் அனுமதி கொடுத்தார்கள். ரசிகர்கள் அழுதுகொண்டு உட்காரவில்லை. தாங்களே ஓர் அணியைத் தொடங்கினார்கள். விம்பிள்டன் காமன் என்ற பொதுவெளியில், யார் வேண்டுமானாலும் வரலாம் என்று சொல்லி வீரர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அடிமட்ட லீக்கில் தொடங்கிய ஏ.எஃப்.சி. விம்பிள்டன் 2011-இல் தொழில்முறை லீக்குக்குள் நுழைந்தது, 2020-இல் பழைய மைதானம் இருந்த பிளவ் லேனுக்கே புது அரங்கம் கட்டித் திரும்பியது. விளையாட்டில் நான் அறிந்தவற்றில் இதைவிடப் பெருமைக்குரியது குறைவு.

அமெரிக்கர்களுக்கு ஊர்ப்பற்று கிடையாது என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். சுமார் ஒரு லட்சம் பேர் வாழும் கிரீன் பே என்ற சிறிய நகரத்தின் பேக்கர்ஸ் அணி 1923-லிருந்து பொதுமக்கள் பங்கு வைத்திருக்கும், இலாப நோக்கற்ற அமைப்பு. அந்த அணியை யாரும் லாரியில் ஏற்ற முடியாது. பிரிட்டிஷ் ரசிகர்கள் மனதாரப் பாராட்டும் அமெரிக்க அணி அது.

லீக்ல முதலா வந்தவன் சாம்பியன் இல்லையாம், ப்ளே-ஆஃப் ஜெயிச்சவன்தான் சாம்பியனாம். இது எப்படி?

ஐ.பி.எல். பார்க்கும் நமக்கு இது புதிதில்லை. இங்கே 38 ஆட்டம் முடிந்ததும் மேலே இருப்பவரே சாம்பியன், அதுதான் நேர்மை என்பது இவர்கள் வாதம். 2007 பருவத்தில் என்.எஃப்.எல்.லின் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் 18 ஆட்டம் தொடர்ந்து வென்று இறுதி ஆட்டத்தில் மட்டும் தோற்றது. 2011 பருவத்தில் ஜயன்ட்ஸ் 9 வெற்றி 7 தோல்வி என்று தட்டுத்தடுமாறி வந்து கோப்பையைத் தூக்கியது. ஆனால் ப்ளே-ஆஃப் இங்கேயும் 1987-லிருந்து இருக்கிறது, இரண்டாம் லீக்கிலிருந்து மேலேறும் கடைசி இடம் அப்படித்தான் முடிவாகிறது. அதை யாரும் அமெரிக்கத்தனம் என்று திட்டுவதில்லை.

அமெரிக்க அரங்கத்துல உற்சாகமே இல்ல, திரையில் 'சத்தம் போடு'ன்னு எழுதினாத்தான் கத்துறாங்கன்னு சொல்றாங்க. அப்படியா?

கால்பந்துக் கூட்டத்தின் பாட்டு ரசிகர்களே கட்டியது, திரை சொல்லித் தருவதில்லை. எதிரணி ஊரிலிருந்து ரயில் ஏறி வந்த இரண்டாயிரம் மூவாயிரம் பேர் ஒரு மூலையில் நின்று பாட, உள்ளூர்க்காரர்கள் பதிலுக்குப் பாடுவார்கள். அமெரிக்காவில் தூரம் அதிகம், அப்படிப் பெருந்திரளாகப் பயணம் செய்வது குறைவு. இந்த ஒப்பீட்டில் இங்கிலாந்தே முந்துகிறது. அதே நேரம் கல்லூரி ஆட்டங்களைப் பார்த்தவர்கள் பேச்சை மாற்றிக்கொள்கிறார்கள். மிச்சிகன் பல்கலைக்கழக அரங்கத்தில் 1,07,601 இருக்கைகள், வெம்ப்ளியைவிடப் பெரிது, ஆடுவதோ மாணவர்கள்.

இன்னொரு பக்கம் இருக்கிறது. 1985 சட்டப்படி, இங்கிலாந்துக் கால்பந்து ஆட்டத்தில் மைதானம் கண்ணில் படும் இடத்தில் மது குடிக்கக் கூடாது. இடைவேளையில் உள்ளே ஓடிப்போய் அவசரமாகக் குடித்துவிட்டு வருவார்கள். அதே வெம்ப்ளியில் என்.எஃப்.எல். ஆட்டம் என்றால் பியரோடு இருக்கையில் உட்காரலாம். வெவ்வேறு அணிச் சட்டைக்காரர்கள் கலந்து உட்கார்ந்திருப்பார்கள், ஆடாத அணிகளின் சட்டையும் ஏராளமாகத் தெரியும். குடும்பத்தோடு வர அதுவே வசதி என்று சொல்பவர்கள் பலர்.

அப்போ அமெரிக்காகிட்ட இருந்து எடுத்துக்க எதுவுமே இல்லையா?

இருக்கிறது. நடுவர் மைக்கில் முடிவைச் சொல்வதை அமெரிக்கன் ஃபுட்பாலிலும் ரக்பியிலும் கேட்டுப் பழகியவர்களுக்கு, கால்பந்தில் வீடியோ நடுவர் என்ன பார்க்கிறார் என்றே தெரியாமல் அரங்கத்தில் உட்கார்ந்திருப்பது கொடுமையாக இருந்தது. 2025 ஜனவரியில் லீக் கோப்பை அரையிறுதியில் இங்கேயும் மைக் வந்துவிட்டது.

ஓர் அணி மொத்தமாக இவ்வளவுதான் சம்பளம் தரலாம் என்ற என்.எஃப்.எல். உச்சவரம்பும் ஒன்று. மான்செஸ்டர் சிட்டி 2021 முதல் 2024 வரை நான்கு முறை தொடர்ந்து லீக் வென்றது. என்.எஃப்.எல்.லின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலை இதுவரை எந்த அணியும் தொடர்ந்து மூன்று முறை வென்றதில்லை. முதலாளித்துவ நாட்டில் பணத்துக்குக் கடிவாளம், இங்கே பணம் இருப்பவன் ராஜ்யம். இந்த முரண்பாட்டை நேர்மையான பிரிட்டிஷ் ரசிகர்கள் தாங்களாகவே சொல்வார்கள்.

அமெரிக்க முதலாளிகள்னா ஏன் இவ்வளவு பயம்?

தரமிறக்கம், அணி மாற்றம் பற்றி மேலே சொன்னவை இரண்டும் இங்கே வந்து சேர்கின்றன. 2005-இல் கிளேஸர் குடும்பம் கடன் வாங்கி மான்செஸ்டர் யுனைடெட்டை வாங்கியது, அந்தக் கடனை அணியின் தலையிலேயே கட்டியது. லிவர்பூல், ஆர்சனல், செல்சி முதலாளிகளும் அமெரிக்கர்கள். 2021 ஏப்ரல் 18 அன்று ஐரோப்பாவின் 12 பெரிய கிளப்புகள், நிறுவனர்களுக்குத் தரமிறக்கமே இல்லாத சூப்பர் லீக்கை அறிவித்தன. அதில் ஆறு இங்கிலாந்து அணிகள். தலைவராக இருந்தவர் ஸ்பெயின்காரர், ரியால் மாட்ரிட்டின் பெரெஸ். எனவே எல்லாப் பழியும் அமெரிக்காவுக்கு இல்லை. ஆனாலும் மூடிய வட்டம் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று ரசிகர்களுக்குத் தெரிந்தது.

அடுத்த இரண்டு நாளில் செல்சி ரசிகர்கள் ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜ் வாசலில் தங்கள் அணியின் பேருந்தையே மறித்தார்கள். சமாதானம் சொல்ல முன்னாள் கோல்கீப்பர் பீட்டர் செக் தெருவில் இறங்கி வந்தார். அன்றிரவுக்குள் ஆறு அணிகளும் விலகின. அதன் தொடர்ச்சியாக வந்த 2025 சட்டம், கால்பந்துக்கென்று சுதந்திரமான ஒழுங்காற்று அமைப்பை உருவாக்கியிருக்கிறது. பயம் என்று இதைச் சொல்வதைவிட, கைவிட்டுப் போகக் கூடாது என்ற பிடிவாதம் என்பேன்.

கால்பந்துல அமெரிக்காவை ஏளனமா பேசுறாங்களே, நேருக்கு நேர் என்ன கணக்கு?

ஆண்கள் உலகக் கோப்பையில் 2022 வரை மூன்று முறை மோதினார்கள். 1950-இல் அமெரிக்கா 1-0, 2010-இல் 1-1, 2022-இல் 0-0. இங்கிலாந்து ஒருமுறைகூட வெல்லவில்லை.

பெண்கள் கால்பந்தில் ஏளனத்துக்கு இடமே இல்லை. 2019 உலகக் கோப்பை அரையிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராகக் கோல் போட்ட அமெரிக்காவின் அலெக்ஸ் மார்கன் தேநீர் குடிப்பதுபோல் சைகை காட்டியபோது இங்கே கொதித்தார்கள். ஆட்டமோ அமெரிக்காவுக்கே 2-1. இங்கிலாந்து வீராங்கனைகள் லூசி பிரான்ஸும் அலெசியா ரூசோவும் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் ஆடி வளர்ந்தவர்கள். ஆண் பெண் இருபாலருக்கும் கல்வி நிலையங்களில் சம வாய்ப்பு தர வேண்டும் என்ற 1972 அமெரிக்கச் சட்டத்தின் பலன் அது. இங்கிலாந்தில் அப்போதுதான் பெண்கள் கால்பந்து மேல் இருந்த தடையே நீங்கியிருந்தது.

ஐ.பி.எல்.லும் மூடிய லீக்தானே? அதை நாம ரசிக்கும்போது இவங்களுக்கு மட்டும் ஏன் பிரச்சினை?

நல்ல கேள்வி, இங்கே கிரிக்கெட் ரசிகர்கள் நடுவே இதே சண்டைதான். ஐ.பி.எல். வந்தபோது நம் ஊர்களில் சொந்தமாக ஆதரிக்கப் பெரிய கிளப் எதுவும் கிடையாது. ரஞ்சி ஆட்டத்துக்குக் கூட்டம் வராது. சென்னை சூப்பர் கிங்ஸ் காலியாக இருந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது. இங்கிலாந்தில் அந்த இடத்தில் 18 கவுன்டிகள் (மாவட்டக் கிரிக்கெட் அணிகள்) இருந்தன, சிலவற்றுக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் வயது. 2021-இல் தி ஹண்ட்ரட் என்ற போட்டி எட்டுப் புது நகர அணிகளோடு வந்தபோது, தங்கள் கவுன்டி ஓரம்கட்டப்படுகிறது என்று சாமர்செட், எசெக்ஸ் உறுப்பினர்கள் கொந்தளித்தார்கள். அரங்கம் நிரம்பியது, குழந்தைகளும் பெண்களும் நிறைய வந்தார்கள், அதையும் மறுக்க முடியாது.

2025-இல் அந்த அணிகளின் பங்குகளை விற்றார்கள். லீட்ஸ் அணியை முழுதாக வாங்கியது சென்னையின் சன் குழுமம். லார்ட்ஸில் ஆடும் லண்டன் அணியின் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு அமெரிக்கத் தொழில்நுட்ப முதலீட்டாளர்களிடம் போனது. ஆகவே யார்க்‌ஷயர் ரசிகர் ஒருவர் வெளிநாட்டு முதலாளிகளைப் பற்றி உங்களிடம் புலம்பினால், அவர் அமெரிக்கர்களைச் சொல்கிறாரா நம்மவர்களைச் சொல்கிறாரா என்று முதலில் கேட்டுக்கொண்டு பதில் சொல்லுங்கள்.